ஒரு மெய் கூடுதல்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில்
மயிரிழை விரிசல்.
டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
ரீகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை,
தெரிகிறது என்றாள்.
ஆறு வாரம் ஓடக் கூடாது.
மார்ச்சில் பந்தயம் என்றாள்.
அவர் படத்தை உறைக்குள் போட்டார்.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை.
மேசைக்கு அடியில் இடது குதிகால்
யாரிடமும் சொல்லாமல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அஸ்மாராவில் ஓடாதவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.
ஹைலாப், அக்காள் கணவன்,
சுவரில் தொங்கிய ரேஸ் சைக்கிளை இறக்கினான்.
இருக்கையை இரண்டு விரல் தாழ்த்தினான்,
செயினுக்கு எண்ணெய் விட்டான்.
"விரிசல் விட்டால் உன் எலும்பு மாதிரி
இது தானாகச் சேராது" என்றான்.

பயிற்சி நோட்டில்
செவ்வாய், பத்து கிலோமீட்டர் என்றிருந்ததை
அடித்து இருபத்தைந்து என்று எழுதினாள்.
அதையும் அடித்து முப்பது.
ஒன்றுக்கு மூன்று என்றான் ஒருவன்;
தூரத்தைப் பார்க்காதே, நேரத்தைப் பார் என்றான் இன்னொருவன்.
இதயம் இருவரையும் கேட்கவில்லை.
நிமிடத்துக்கு நூற்று நாற்பது,
அதற்கு மேல் ஏற மாட்டேன் என்றது.
நுரையீரல் சும்மா உட்கார்ந்திருக்க
தொடை மட்டும் தனியாக அழுதது.
உட்காரும் இடத்தின் வலியை
நோட்டில் எழுத அவளுக்கு வார்த்தை இல்லை.

ஓடு என்பதற்கும் ஓட்டு என்பதற்கும் நடுவில்
ஒரு மெய்தான் கூடுதல்.
அந்த மெய்
நீலம் உரிந்த இரும்புக் குழாய், ஒன்பது கிலோ,
இரவில் சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி
அவள் தூங்கினாளா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நான்காம் வாரம், நெஃபாஸித் இறக்கம்.
கடலிலிருந்து ஏறிவந்த பனி
மலை விளிம்பில் பொங்கும் பாலாய் நின்றது.
வளைவுச் சுவரில் ஒரு குரங்குக் குடும்பம்
கள்ளிமடலைக் கிழித்துக்கொண்டிருந்தது.
காலை நிறுத்தினாள்.
நிற்கவில்லை.

பதினொரு வருஷம் ஓடியவள்.
நின்றால் நின்றதுதான், அதுதான் சட்டம்.
ஒவ்வொரு அடிக்கும் ரொக்கமாகத் தந்தே பழக்கம்.
இங்கே ஒன்றும் தராமல் சாலை வந்துகொண்டே இருந்தது.
கூச்சமாய் இருந்தது முதலில்,
யாரோ தன் கணக்கில் டீ வாங்கித் தந்த மாதிரி.
ஏழாவது வளைவில் கூச்சம் போய்விட்டது.
எட்டாவதில், யாருக்கும் கேட்காது என்று,
ஒரு முறை கத்தினாள்.

கடனை அன்றைக்கே கட்ட வேண்டியிருந்தது.
இருபத்தைந்து கிலோமீட்டர் ஏற்றம், வட்டியோடு.
பனிக்குள் முன்சக்கரம் மட்டும் தெரிந்தது.
லாரி ஒன்று இருமிக்கொண்டு கடந்தது.
பிறகு சத்தமே இல்லை.
அப்போதுதான் கேட்டது:
மூன்று எண்ணி உள்ளே, இரண்டு எண்ணி வெளியே,
பந்தயத்தின் கடைசிச் சுற்றில் வருகிற அதே தாளம்.
கால் ஓடவில்லை.
மூச்சு ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல்.

ஏழாம் வாரம், மண் தடம், பத்தே நிமிடம்.
அடி விழும் சத்தம்.
அதற்காகத்தான் ஏங்கியிருந்தாள் என்று நினைத்திருந்தாள்;
கேட்டபோது, சரி, இதுதான் என்று மட்டும் தோன்றியது.
எலும்பு ஒன்றும் சொல்லவில்லை.
முடியும் இடம் வந்ததும் வேகம் குறைக்கப் பார்த்தாள்.
இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல்கள் மடங்கி
காற்றில் பிரேக்கைத் தேடின.
தடத்தோரம் நின்ற பையன் சிரித்தான்.

சனிக்கிழமை ஹைலாப் வந்தான் சைக்கிளைக் கேட்டு.
காப்பி கொடுத்தாள்.
இன்னொரு கோப்பையும் கொடுத்தாள்.
அவன் எழுந்துபோய் இருக்கையைத் தொட்டுப் பார்த்தான்:
மூன்று விரல் உயர்ந்திருந்தது.